மருத்துவச்சி அக்கா பதில்கள்: வீட்டுல தண்ணிப் பிரசவத்துக்கு எந்தத் தொட்டி?

கேள்வி: அக்கா வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கேன், சொந்த ஊரு கும்பகோணம் பக்கம், கல்யாணமாகி இங்க வந்து ஆறு வருஷமாச்சு. இது எனக்கு ரெண்டாவது, 32 வாரம் ஆகுது. மூத்தவனுக்கு நாலு வயசு, அவன் ஹாஸ்பிட்டல்ல நார்மலா தான் பொறந்தான். இந்தத் தடவை வீட்டுலயே தண்ணியில பெத்துக்கணும்னு ஆசை, மிட்வைஃப் ஒருத்தங்க செக் பண்ணிட்டு சரி வரும்னு சொல்லிட்டாங்க, தொட்டிய மட்டும் நீங்களே பாத்துக்கங்கன்னாங்க. என் வீட்டுக்காரர் கடையில குழந்தைங்க விளையாடற பெரிய பேடிலிங் பூல் ஒண்ணு பாத்திருக்கார், விலை ரொம்ப கம்மி, பாக்க அதே மாதிரி தான் இருக்கு. அவர் ஃப்ரெண்டு ஒருத்தர் மோட்டார் வச்ச ஜக்குஸி தர்றேங்கறார், தண்ணி சூடாவே இருக்குமாம். இல்ல பிரசவத்துக்குன்னே விக்கிற காத்தடைக்கிற தொட்டி தான் வேணுமா? கீசர் 150 லிட்டர். பெட்ரூம் மாடியில இருக்கு. மாமியார் இதெல்லாம் எதுக்குன்னு ஒரே புலம்பல். எதை வாங்குறது அக்கா?

பதில்: தங்கச்சி, நீ கேட்ட மூணுல ரெண்டை இப்பவே தள்ளிடலாம், ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தள்ளு, அப்ப தான் வீட்டுக்காரர்கிட்ட பேசும்போது உனக்கு வார்த்தை வரும்.

முதல்ல அந்த ஜக்குஸி. அது வேணவே வேணாம்மா. தண்ணிய நாள் கணக்குல சூடா வச்சு மோட்டார்ல சுத்த விட்டா அந்தப் பைப்புக்குள்ள லீஜியோனெல்லாங்கற பாக்டீரியா வளர்றதுக்கு அதை விட நல்ல இடம் கிடையாது, வெதுவெதுப்பான தண்ணி தான் அதுக்குப் பிடிக்கும். 2014ல இங்கிலாந்துல ஒரு வீட்டுல முன்கூட்டியே நிரப்பி ஹீட்டர் போட்டு சுத்த விட்ட தொட்டியில பொறந்த குழந்தைக்கு இந்த நோய் வந்து, அந்த மாதிரி தொட்டிய வீட்டுப் பிரசவத்துக்கு யூஸ் பண்ணாதீங்கன்னு அந்த நாட்டு சுகாதாரத் துறை அறிவிச்சாங்க. பொறந்த குழந்தையோட நுரையீரல் அந்த பாக்டீரியாவால வர்ற நிமோனியாவைத் தாங்காது. அதனால தொட்டிக்குள்ள மோட்டாரும் கூடாது, ஹீட்டரும் கூடாது, நாலு நாள் முன்னாடியே நிரப்பி மூடி வைக்கிறதும் கூடாது. வலி நல்லா வந்த பிறகு குழாயில இருந்து புதுசா நிரப்பணும்.

அடுத்தது பேடிலிங் பூல். இதுல எனக்கு மனசு அடிச்சுக்குது, ஏன்னா நானே ஒரு தடவை அதை அனுமதிச்சிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசு, என் சொந்தத் தங்கச்சிக்குப் பிரசவம், காசு இல்லாத நேரம், கடைத் தொட்டி போதும்னு நானே தலையாட்டிட்டேன். வலி ஏறின நேரத்துல அவ முன்னாடி குனிஞ்சு சுவரைப் பிடிச்சு அதுல முழு பாரத்தையும் போட்டா, அந்த இடம் அப்படியே மடங்கி வெளிப்பக்கம் சாஞ்சிடுச்சு, கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள பாதித் தண்ணி லவுஞ்ச் கார்ப்பெட்ல. சுவத்தோரம் எக்ஸ்டென்ஷன் கார்டு கிடந்தது, என் மச்சான் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைச்சார். அவளுக்கும் குழந்தைக்கும் ஒண்ணும் ஆகல, கட்டில்ல பெத்தா. இருந்தாலும் அந்தத் தண்ணி பிளக் பாயிண்ட்டை நோக்கி ஓடினது இன்னைக்கும் என் கண்ணுல நிக்குது. குழந்தைங்க விளையாடற தொட்டி குழந்தைங்க எடைக்குத் தான் செஞ்சது, அது மேல ஒரு பொம்பள வலியில தொங்கறதுக்கு இல்ல. ஆழமும் பத்தாது. நீ உக்காந்தா தண்ணி மார்பு வரைக்கும் வரணும், வயிறு முழுசா மூழ்கணும், அப்ப தான் உடம்பு லேசாகி இடுப்புல இருக்கற பாரம் இறங்கும், அந்த சுகத்துக்காகத் தானே இவ்வளவும் பண்றோம். அதுக்குக் குறைஞ்சது 50 சென்டிமீட்டர் தண்ணி நிக்கணும். வயிறு பாதி வெளிய பாதி உள்ள இருந்தா குழந்தை வெளிய வர்ற நேரத்துல காத்தும் தண்ணியும் மாறி மாறிப் படும், அது தான் ஆபத்து.

பிரசவத்துக்குன்னே செய்யற காத்தடைக்கிற தொட்டியில என்ன வித்தியாசம்னா, சுவர் ரெண்டு மூணு வளையமா தனித்தனியா இருக்கும், ஒண்ணு காத்து போனாலும் மத்தது நிக்கும். தரையிலயும் காத்து இருக்கும், முட்டி போட்டு நாலு மணி நேரம் இருந்தாலும் வலிக்காது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் கெட்டியான கைப்பிடி இருக்கும். பர்த் பூல் இன் எ பாக்ஸ், லா பசீன்னு பேர் சொல்லுவாங்க, அதெல்லாம் இந்த ரகம் தான். இதோட ஒரு பிளாஸ்டிக் உறை வரும், லைனர்னு சொல்றது, அதைத் தொட்டிக்கு மேல விரிச்சுட்டுத் தான் தண்ணி விடணும், ஒரு பிரசவத்துக்கு ஒரு உறை, முடிஞ்சதும் குப்பைக்குப் போயிடணும். தொட்டி பழசா இருக்கலாம் வாடகையா இருக்கலாம், உறை மட்டும் பிரிக்காத புது பாக்கெட்டா இருக்கணும், இதுல யாரு என்ன சொன்னாலும் விட்டுக் குடுக்காதே. வாடகைக்குக் கிடைக்குமான்னு உன் மிட்வைஃப்கிட்டயே முதல்ல கேளு, நிறைய பேர் சொந்தமா ஒண்ணு வச்சிருப்பாங்க.

இப்போ நான் முக்கியமா சொல்ல வர்றது இது தான். தொட்டி பாக்கப் போறவங்க எல்லாரும் உள்ள இறங்கிப் பாத்து, ஆ நல்லா இருக்கேன்னு வாங்கிட்டு வந்துடறாங்க. நீ வெளிய வர்றதைப் பாத்து வாங்கு. இந்தத் தொட்டிங்க உயரம் 65ல இருந்து 70 சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும், உன் தொடை பாதி வரைக்கும் வரும். இப்ப 32 வாரத்துல உன்னால காலைத் தூக்கிப் போட்டுத் தாண்ட முடியுதான்னு பாரு, 40 வாரத்துல வலியோட வழுக்கற காலோட முடியுமான்னு யோசி. நான் பாத்த ஒரு பிரசவத்துல குழந்தை அருமையா பொறந்துச்சு, அம்மா மடியில, அழுதுச்சு, எல்லாரும் கண்ணு கலங்கி நிக்கிறாங்க, பத்து நிமிஷத்துல தண்ணி செவக்க ஆரம்பிச்சது, கொஞ்சம் செவப்பு சகஜம் தான், ஆனா இது டார்ச் அடிச்சாலும் அடித்தரை தெரியாத செவப்பு. எழுந்துக்கம்மான்னா அவங்களுக்குத் தலை சுத்துது. வீட்டுக்காரர் சாக்ஸ் போட்ட காலோட டைல்ஸ்ல நிக்கிறார், இழுக்கும்போது அவரே வழுக்கி மண்டி போட்டுட்டார். அன்னைக்கு நாங்க ரெண்டு மிட்வைஃப் இருந்தோம், அதனால தான் ஒரு நிமிஷத்துல கட்டில்ல படுக்க வச்சு ஊசி போட முடிஞ்சது. அதுக்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், 36 வாரத்துல காலித் தொட்டியில உக்காரச் சொல்லி, வீட்டுக்காரரையும் வர்ற இன்னொரு ஆளையும் வச்சு வெளிய தூக்கிப் பழகச் சொல்றேன். தொட்டிக்கு வெளிய உறுதியான ஒரு படி, அதுக்குக் கீழ வழுக்காத ரப்பர் மேட், மூணு பக்கமும் ஆள் நிக்க இடம். சுவத்தை ஒட்டி மூலையில தள்ளி வைக்காதீங்க. தொட்டிக்கும் கட்டிலுக்கும் நாலு அடிக்கு மேல தூரம் வேணாம். யாருக்காவது மயக்கம் வந்தா முதல் வேலை தலைய தண்ணிக்கு மேல பிடிக்கிறது, தொட்டிய காலி பண்றது அப்புறம்.

அளவுக்கு வருவோம். ரெண்டு சைஸ் இருக்கு, பெருசுல 50 சென்டிமீட்டர் நிரப்ப 600 லிட்டருக்கு மேல ஆகும், சின்னதுல 450, 500ல முடியும். உன் வீட்டுக்கு சின்னது தான் சரி, கீசர் கணக்கைப் பாத்தாலே புரியும். தண்ணி 36, 37 டிகிரியில இருக்கணும், 37.5ஐத் தாண்டவே கூடாது. கீசர்ல 150 லிட்டர் 60 டிகிரியில இருக்கு, குழாய்த் தண்ணி 20 டிகிரின்னு வச்சுக்குவோம், ரெண்டையும் கலந்து 37க்குக் கொண்டு வந்தா கணக்குப்படி 350 லிட்டர் வரும், ஆனா கீசர்ல இருந்து எடுக்க எடுக்க உள்ள பச்சத்தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும், அதனால கைக்கு 300 தான் தேறும். மீதி 200 லிட்டருக்கு நீ 42 லிட்டர் கொதிக்கிற தண்ணி சேர்க்கணும், கெட்டில்ல வச்சா 25 தடவை. அது நடக்கற காரியமா? கோயில்ல காவடிக்கு சமைக்கிற பெரிய தேக்சா ரெண்டும் கேஸ் அடுப்பும் சொந்தக்காரங்க யார் வீட்டுலயாவது கண்டிப்பா இருக்கும், சாட்ஸ்வர்த்ல அது இல்லாத குடும்பம் ஏது, ஒரு பக்கி வண்டியில போட்டு 37வது வாரமே வீட்டுக்குக் கொண்டு வந்து வச்சிருங்க. கேஸ் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, 2023ல லோட்ஷெடிங்னு கரண்ட் கட் பண்ணி நாம பட்டது மறந்திருக்காது, இப்ப அது வெகுவா குறைஞ்சாலும் ஏரியாவுல கேபிள் போச்சுன்னா ராத்திரி பூரா இருட்டு தான். கீசர் காலியானா 3 கிலோவாட் எலிமெண்ட் மறுபடி சூடாக்க ரெண்டே கால் மணி நேரம் எடுக்கும், அதையும் மனசுல வச்சுக்குங்க.

கொதிக்கிற தண்ணி ஊத்தும்போது நீ தொட்டிக்குள்ள இருக்கவே கூடாது, இது சட்டம். மூத்தவனும் அந்த ரூம் பக்கமே வரக்கூடாது. நாலு வயசுப் பையன் இருக்கற வீட்டுல ஒண்ணரை அடிக்கு மேல தண்ணி நிக்கிற தொட்டி ஒரு கிணறு மாதிரி தான், அவனைப் பாத்துக்கறதுக்குன்னே ஒருத்தர் வேணும், அந்த ஆளுக்கு வேற எந்த வேலையும் குடுக்காதீங்க. இதுக்கு உன் மாமியாரைக் கேளு. உண்மையா சொல்றேன், அவங்களுக்கு வீட்டுல ஒரு பொறுப்பு கிடைச்சாலே பாதிப் புலம்பல் நின்னுடும்.

சூட்டைக் கையால பாக்காதீங்க, முழங்கையாலயும் பாக்காதீங்க, மிதக்கற தெர்மாமீட்டர் ஒண்ணு போட்டு வைங்க. நல்ல மனசோட ஒரு மாமா இன்னும் ஒரு சட்டி இன்னும் ஒரு சட்டின்னு ஊத்திக்கிட்டே இருந்தார் ஒரு வீட்டுல, நான் போய்ப் பாத்தா 39. அம்மாவுக்கு முகமெல்லாம் செவந்து வேர்த்து ஊத்துது, குழந்தையோட நெஞ்சுத்துடிப்பு ஓடுது. வெளிய வரச் சொல்லி பக்கெட் பக்கெட்டா எடுத்துப் பச்சத்தண்ணி விட்டு இறக்கினோம், அரை மணியில துடிப்பு சரியாச்சு. அம்மாவுக்கு சூடு ஏறினா உள்ள இருக்கற குழந்தைக்கு இன்னும் அதிகமா ஏறும். மணிக்கு ஒரு தடவை தண்ணி சூடு, உன் உடம்பு சூடு ரெண்டையும் பாத்து எழுதி வைக்கணும், குடிக்கத் தண்ணி பக்கத்துலயே இருக்கணும்.

மாடி பெட்ரூம் வேணாம். 50 சென்டிமீட்டர் தண்ணின்னா சதுர மீட்டருக்கு 500 கிலோ, அதுக்கு மேல நீயும் வீட்டுக்காரரும். வீட்டு மாடித்தரைய சாதாரணமா சதுர மீட்டருக்கு 150 கிலோ கணக்கு வச்சுத் தான் டிசைன் பண்ணுவாங்க. கீழ லவுஞ்ச்ல சோஃபாவை நகர்த்தி வைங்க, கீழ ஒரு தார்ப்பாய், அது மேல பழைய போர்வை, அப்புறம் தொட்டி. எக்ஸ்டென்ஷன் கார்டு, ஃபேன், போன் சார்ஜர் எதுவும் பக்கத்துல கூடாது, கரண்ட் கசிஞ்சா தானா அணையற எர்த் லீக்கேஜ் சுவிட்ச் வேலை செய்யுதான்னு பட்டனை அழுத்தி டெஸ்ட் பண்ணிக்குங்க. காத்தடிக்கிற பம்ப், கடைசியில தண்ணி எடுக்கற பம்ப் ரெண்டையும் தொட்டிக்குள்ள ஆள் இல்லாதப்ப மட்டும் தான் பிளக்ல போடணும்.

ஹோஸ் பைப்பைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க, நானா சொல்றேன். தோட்டத்துப் பைப் வேணாம், அதுக்குள்ள பழைய தண்ணி தேங்கிப் பாசி பிடிச்சிருக்கும். குடிதண்ணிக்குன்னு விக்கிற புது ஹோஸ் வாங்கு, உன் வீட்டுக் குழாய் வாய்க்குப் பொருந்தற கனெக்டரையும் சேத்து வாங்கி முன்னாடியே மாட்டிப் பாரு. முழு ஒத்திகை ஒண்ணு 36, 37 வாரத்துல கட்டாயம் பண்ணுங்க, காத்தடிச்சு நிரப்பி சூடு பாத்து திரும்பக் காலி பண்ற வரைக்கும், எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதி வைங்க. நிமிஷத்துக்கு 12 லிட்டர் வந்தா 500 லிட்டருக்கு 40 நிமிஷத்துக்கு மேல ஆகும். உனக்கு ரெண்டாவது பிரசவம், வேகமா வரலாம், ஒண்ணரை மணி நேரம் தொட்டி தயாராகவே ஆச்சுன்னா குழந்தை காத்திருக்காது. ஒத்திகை முடிஞ்சதும் தொட்டிய நல்லா கழுவி முழுசா காய வச்சு மடிங்க.

எப்ப இறங்கலாம்னும் மிட்வைஃப்கிட்ட பேசி வச்சுக்க. வலி ஆரம்பிச்ச உடனே இறங்கினா சிலருக்கு வலியே தளர்ந்து போயிடும், வலி சீரா வந்து கர்ப்பப்பை வாய் நல்லா திறக்க ஆரம்பிச்ச பிறகு இறங்கினா தான் பலன். 15 ஆய்வுகளை, 3,663 பொம்பளைங்களைச் சேத்து 2018ல காக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வு அமைப்புல ஒரு தொகுப்பு வந்துச்சு, வலி நேரத்துல தண்ணியில இருந்தவங்களுக்கு முதுகுல ஊசி போடற தேவை கொஞ்சம் குறையுதுன்னும், அம்மாவுக்கோ குழந்தைக்கோ கெடுதல் கூடினதா தெரியலன்னும் அதுல இருக்கு. ஆனா அமெரிக்காவுல மகப்பேறு டாக்டருங்க சங்கம் 2016ல என்ன சொன்னாங்கன்னா, வலி நேரத்துல தண்ணியில இருங்க, குழந்தை வெளிய வர்றது தண்ணிக்கு வெளிய நடக்கட்டும், தண்ணிக்குள்ள பெத்துக்கறதுக்கு இன்னும் போதுமான ஆதாரம் இல்லன்னாங்க. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணு. கடைசி நேரத்துல வெளிய வரணும்னு உனக்குத் தோணினா வந்துடு, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

வெளிய வான்னு மிட்வைஃப் சொன்னா ஏன்னு கேக்காம வரணும். பனிக்குடம் உடைஞ்சு தண்ணி பச்சையா வந்தா, ரத்தம் போனா, காய்ச்சல் வந்தா, குழந்தையோட துடிப்பு மாறினா தொட்டி முடிஞ்சுது. உன் வீட்டுல இருந்து ஆர்.கே.கான் ஹாஸ்பிட்டலுக்கோ நீ புக் பண்ணின இடத்துக்கோ வெள்ளிக்கிழமை சாயங்கால டிராஃபிக்ல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போன்ல இருந்து 112, ரெண்டையும் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க. அப்புறம் மிட்வைஃப் சவுத் ஆப்பிரிக்கன் நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணி இந்த வருஷ சர்டிஃபிகேட் வச்சிருக்காங்களான்னு பாத்துக்க, ரெண்டாவது ஆள் ஒருத்தரும் வர்றாங்களான்னு கேளு. ஒரே ஆள் தான்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

கேள்வி: மேடம், நாங்க ஜோஹன்னஸ்பர்க் ரேண்ட்பர்க்ல ஃபிளாட்ல இருக்கோம், மூணாவது மாடி. மனைவிக்கு முதல் குழந்தை, 28 வாரம். கீழ் வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம சின்னத் தொட்டியா ஒண்ணு வச்சுக்கலாமா? பாத்ரூம்ல இருக்கற பாத்டப்பே போதுமான்னும் சொல்லுங்க.

பதில்: தம்பி, தெரியாம வைக்கிற விஷயம் இல்ல இது. மேல சாட்ஸ்வர்த் தங்கச்சிக்குச் சொன்ன எடைக் கணக்கைப் படிங்க, அரை டன் உங்க தரையில நிக்கப் போகுது, கீழ இன்னொரு குடும்பம் தூங்குது. கான்க்ரீட் தரை தாங்கலாம், தாங்காமலும் போகலாம், அதைச் சொல்ல வேண்டியவர் எஞ்சினியர். ஃபிளாட் நிர்வாகம் பண்ற பாடி கார்ப்பரேட்டுக்கு எழுதிக் கேளுங்க, பில்டிங் பிளான் அவங்ககிட்ட இருக்கும். முடியாதுன்னுட்டா தரைத்தளத்துல இருக்கற சொந்தக்காரங்க வீட்டைக் கேட்டுப் பாருங்க, எங்க ஆளுங்க இதுக்கு வீடு குடுக்கத் தயங்க மாட்டாங்க.

பாத்டப் வலி நேரத்துக்கு ரொம்ப நல்லது, காசும் மிச்சம். சைடுல படுத்துக்கிட்டு, வயித்து மேல ஒரு டவலைப் போட்டு, சொம்புல வெந்நி எடுத்து மேல ஊத்திக்கிட்டே இருங்க, முதுகுல நீங்க ஊத்தும்போது உங்க மனைவி மூச்சு எப்படி மாறுதுன்னு பாருங்க, உங்களுக்கே புரியும். குழந்தை பொறக்கறதுக்கு மட்டும் அது சரி வராது, ஆழம் பத்தாது, அகலம் கிடையாது, மூணு பக்கமும் சுவர், மிட்வைஃப் கையே போகாது, அவசரத்துல தூக்கவும் முடியாது. அந்த நேரம் வந்ததும் கட்டிலுக்கு வந்துடணும். உங்க ஊர்ல இன்னொண்ணு, ஜூலை மாசம் குழாய்த் தண்ணி கையை வெட்டற மாதிரி இருக்கும், உயரமான இடம்ங்கறதால தண்ணியும் 94, 95 டிகிரியிலயே கொதிச்சுடும், நான் மேல சொன்ன 42 லிட்டர் உங்களுக்குப் பத்தாது, கூட வேணும். முதல் குழந்தைன்னா வலி நேரமும் நீளும், ஹாஸ்பிட்டலுக்கு மாத்த வேண்டி வர்றதும் முதல் பிரசவத்துல தான் அதிகம், அதனால மூணு மாடி லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் போகுமான்னு அளந்து பாத்துட்டு அப்புறம் தொட்டியப் பத்தி யோசிங்க.

கேள்வி: டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருந்து எழுதறேன் அக்கா. முதல் குழந்தை சிசேரியன். இந்தத் தடவை தண்ணித் தொட்டி வாங்கி வீட்டுல பெத்துக்கலாம்னு தங்கச்சி சொல்றா. முடியுமா?

பதில்: வீட்டுல வேணாம் கண்ணு. சிசேரியன் தழும்பு வலி நேரத்துல பிரியற வாய்ப்பு சுமாரா 200 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு, அப்படி ஆனா நிமிஷக் கணக்கு தான், ஆபரேஷன் தியேட்டர் பக்கத்துல இருக்கணும், குழந்தையோட துடிப்பை விடாம பாத்துக்கிட்டே இருக்கணும். நார்மலா பெத்துக்க முடியாதுன்னு நான் சொல்லல, நிறைய பேர் நல்லபடியா பெத்துக்கறாங்க, ஆனா ஹாஸ்பிட்டல்ல. உன்னோட பழைய ஆபரேஷன் பேப்பரை எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட கேளு, எந்த மாதிரி கீறல்னு அதுல எழுதியிருக்கும். வலி ஆரம்பத்துல வீட்டு ஷவர்ல ஸ்டூல் போட்டு உக்காந்து முதுகுல வெந்நி விட்டுக்கறதுக்கு உன்னை யாரும் தடுக்க மாட்டாங்க, அதுவும் கிளம்பற வரைக்கும் தான். ரெட்டைக் குழந்தை, பிரஷர், சுகர், குழந்தை தலை கீழ வராம திரும்பி இருக்கறது, ரத்தம் ரொம்ப கம்மி, 37 வாரத்துக்கு முன்னாடி வலி, இவங்களுக்கும் இதே பதில் தான்.

கேள்வி: நான் டோங்காட்ல இருக்கற ஒரு ஆயா. பேத்திக்காக என் மகன் எழுதித் தர்றான். எங்க காலத்துல கரும்புத் தோட்டத்து பாரக்ஸ்ல பாய் மேல தான் பெத்தோம், எங்கம்மா பதினொண்ணு பெத்தா. தண்ணிக்குள்ள பெத்தா புள்ள மூச்சு முட்டாதா? இன்னொண்ணு, எங்க ஏரியாவுல அடிக்கடி குழாய்த் தண்ணி வராம நின்னுடுது, வீட்டுல மழைத்தண்ணி பிடிக்கிற ஜோஜோ பிளாஸ்டிக் டாங்க் இருக்கு, அந்தத் தண்ணிய ஊத்தலாமா?

பதில்: ஆயாவுக்கு வணக்கம். நீங்க கேட்ட ரெண்டுமே சரியான கேள்வி, உங்க பேத்தி குடுத்து வச்சவ.

புள்ள உள்ள இருக்கறப்பவே தண்ணியில தானே ஆயா இருக்கு, நுரையீரல் பூரா தண்ணி, மூச்சு தொப்புள்கொடி வழியா போகுது. வெளிய வந்து முகத்துல காத்தும் குளிரும் பட்ட பிறகு தான் முதல் மூச்சு இழுக்கும். தண்ணி உடம்புச் சூட்டுல இருந்தா அது இன்னும் உள்ள தான் இருக்கோம்னு இருக்கும், கொடியில ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கும். அதனால முழுசா தண்ணிக்குள்ளயே பொறந்து நேரா மேல வரணும், முகம் ஒரு தடவை காத்தைப் பாத்துட்டா மறுபடி தண்ணிக்குள்ள போகவே கூடாது. உள்ளயே மூச்சுக்குக் கஷ்டப்பட்ட குழந்தை மட்டும் தண்ணிக்கு அடியிலயே வாயைத் திறந்துடலாம், அதுக்குத் தான் கால் மணிக்கு ஒரு தடவையும், முக்கற நேரத்துல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவையும் துடிப்பைக் கேக்கறது, சந்தேகம் வந்தா வெளிய ஏத்திடறது. மேல தூக்கும்போது கொடியை இழுத்துடக்கூடாது, கொடி குட்டையா இருந்தா அறுந்துடும், மெதுவா அம்மா நெஞ்சுக்குக் கொண்டு வந்து, தலையத் துடைச்சு, உடம்பை வெதுவெதுன்னு வைக்கணும். நஞ்சுக்கொடி விழறதுக்கு அம்மா கட்டிலுக்கு வந்துடறது நல்லது, ரத்தம் எவ்வளவு போகுதுன்னு அப்ப தான் கண்ணுக்குத் தெரியும்.

டாங்க் தண்ணி வேணாம் ஆயா. 2022 ஏப்ரல் வெள்ளத்துல டோங்காட் வாட்டர்வொர்க்ஸ் அடிச்சுட்டுப் போய் மாசக்கணக்குல நீங்க எல்லாம் டாங்கரை நம்பி நின்னது எனக்குத் தெரியும், பக்கெட் தூக்கித் தூக்கித் தோள் இறங்கினவங்க கிட்ட தண்ணியப் பத்தி நான் பாடம் எடுக்க வரல. ஆனா கூரையில இருந்து வர்ற மழைத்தண்ணியில பறவை எச்சம் பல்லி எச்சம் எல்லாம் கலந்திருக்கும், டர்பன் பக்கத்து வெயில்ல பிளாஸ்டிக் டாங்க்ல வாரக்கணக்குல நிக்கிற தண்ணி எப்பவும் வெதுவெதுன்னு தான் இருக்கும், மேல சொன்ன அந்த லீஜியோனெல்லாவுக்கு அது போதும். 2014ல அமெரிக்கா டெக்சஸ்ல கிணத்துத் தண்ணி நிரப்பின தொட்டியில பொறந்த குழந்தை ஆறாம் நாள் ஹாஸ்பிட்டல்ல சேந்து, அப்புறம் இந்த நோயிலயே இறந்து போச்சு. துணி துவைக்க, பாத்ரூமுக்கு, தரை கழுவ டாங்க் தண்ணிய வச்சுக்கங்க. தொட்டிக்குக் குழாயில நேரா வர்ற முனிசிபல் தண்ணி மட்டும் தான். தண்ணி நின்னு திரும்ப வந்தா முதல்ல கலங்கலா வரும், தெளிவாகற வரைக்கும் ஓட விட்டுட்டு அப்புறம் ஹோஸ் மாட்டச் சொல்லுங்க.

அன்னைக்குக் குழாயில தண்ணி வரலைன்னா தொட்டிய மடிச்சு ஓரமா வச்சுடுங்க. மூடி போட்ட சுத்தமான டிரம்ல 50 லிட்டர் முனிசிபல் தண்ணி 37வது வாரத்துல இருந்து எப்பவும் பிடிச்சு வைங்க, ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை மாத்துங்க. அது தொட்டிக்கு இல்ல, கொதிக்க வச்சு ஆத்தி மிட்வைஃப் கை கழுவவும், பேத்தி முதுகுல வெந்நித் துணி போட்டு எடுக்கவும். அந்தத் துணி போடற வேலைய நீங்க செய்ங்க ஆயா, நல்ல கனமான டவலா நாலு எடுத்து இப்பவே தனியா துவைச்சுக் காய வச்சு இஸ்திரி போட்டு வைங்க.